எங்கள் மதினியாரும் லாயத்துத் தட்டுகளும்

மதினியார் அவர்கள் எங்களை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு நிறைகிறது. வெயிலையும் பஸ் நெரிசலையும் பொறுத்துக்கொண்டு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கி, விசிறியாக மடக்குவதற்கு முன் ஒரு தடவை விரித்துப் பார்க்கிற உறவினர்கள், நண்பர்கள் அனைவருக்கும் குடும்பத்தார் சார்பில் என் வணக்கம்.

இதை எழுத வேண்டியவர் மதினியாரின் ஒரே மகன். அவர் வடக்கே வேலையில் இருக்கிறார். “சித்தப்பா, நான் எழுதினா ஆபீஸ் லெட்டர் மாதிரி வந்துரும். நீங்களே எழுதுங்க. ஆனா கல்யாண வீட்டுப் பந்தியில பேசுத மாதிரி எழுதிராதீங்க” என்று சொல்லிவிட்டார். என்னால் முடிந்தவரை முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். எங்காவது சிரிப்பு வந்தால் அது மதினியார் செய்த குறும்பு. எங்காவது கூச்சம் தெரிந்தால் அது முழுக்க என் சொந்தச் சொத்து.

மலரின் அட்டையில் மதினியாரின் படம் இருக்கிறது, பெயர் இல்லை. அச்சாபீஸ்காரர் மறந்துவிட்டார் என்று எண்ண வேண்டாம். எங்கள் வீட்டுப் பெண்களின் பெயரை வெளியாள் காதுபடச் சொல்வதும் கிடையாது, வெளியில் எழுதுவதும் கிடையாது. கல்யாணப் பத்திரிகையில்கூட ‘இளைய குமாரத்தி’ என்றுதான் போட்டிருந்தது. ஜமீன் ஒழிந்தது, நிலம் போனது, குதிரைகள் போயின, மேல்மாடி ஒரு ஐப்பசி மழையில் உட்கார்ந்துவிட்டது. இந்த வழக்கம் மட்டும் விரிசல்கூட விடாமல் நிற்கிறது.

அதே வீட்டின் பின்பக்கம், பழைய குதிரை லாயத்தின் வாசலில் ஒரு கருங்கல் பதித்திருந்தது. ‘சமூகத் தொண்டர் சின்னதுரை ரெங்கராசு அவர்களின் அரும்பெரும் முயற்சியால் அமைந்த குழந்தைகள் காப்பகமும் மாதர் கல்வி நிலையமும்’ என்று அதில் வெட்டியிருந்தது. அந்த ரெங்கராசு நான்தான். அந்த இடத்துக்காக நான் எடுத்த அரும்பெரும் முயற்சி எதுவென்று இன்றுவரை யோசித்துப் பார்க்கிறேன், ஒன்றும் அகப்படவில்லை. கல்லைக் கடக்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு போவேன். ஊரார் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

இந்த ஓராண்டும் நான் ஒரே காரியத்துக்காக அலைந்தேன். அந்தக் கல்லில் மதினியாரின் பெயர் வர வேண்டும். வந்ததா என்பதை முறையாகக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் அவர் யார் என்பதைச் சொல்ல வேண்டும்.

மதினியார் பிறந்தது மேற்கே மலையடிவாரத்தில் ஒரு சிறிய ஜமீனில். வீட்டுக்கு முன்னால் வாய்க்கால் ஓடும். திரை போட்ட வண்டியில் பள்ளிக்கூடம் போனார். பெரிய பெண் ஆனதும் வண்டியை நிறுத்திவிட்டார்கள். பிறகு டீச்சர் வீட்டுக்கு வந்து, அவரும் ஒரு திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பாடம் சொன்னாராம். இப்படித் திரைக்குப் பின்னாலேயே படித்தவர், திரைக்கு முன்னால் படித்த என்னைவிட நன்றாகவே படித்திருந்தார். நான் கோவில்பட்டியில் ஒரே வகுப்பில் நிதானமாகப் பலமுறை படித்தவன்.

எங்கள் பெரிய அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு ரயிலில் வந்தபோது, மணியாச்சியில் வண்டி வெகுநேரம் நின்றது. மதினியார் ஜன்னலைக் கொஞ்சம் தூக்கி வெளியே பார்த்தார். கண்ணுக்கு எட்டிய மட்டும் கரிசல் மண், வெயிலில் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. புது மதினியிடம் கெட்டிக்காரன் என்று பெயர் எடுக்க வேண்டி எதிரில் நான் உட்கார்ந்திருந்தேன். அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை, “இங்க ஆறு எங்க இருக்கு?” என்பது. “இன்னும் வந்து சேரலை மதினி” என்றேன். சத்தமில்லாமல் சிரித்தார். அன்று முதல் அந்தச் சிரிப்பை வரவழைப்பது ஒன்றே என் உத்தியோகம். வேறு உத்தியோகம் எனக்கு வாய்க்கவும் இல்லை.

நாகலாபுரம் போகிற பாதையில் இருக்கும் எங்கள் ஊரில், அரண்மனை என்று சொல்லப்படுகிற வீட்டின் உள்கட்டில் அவர் வந்து அமர்ந்தார். குடிக்கிற தண்ணீர் உப்புக் கரித்தது. வெளியே போவதென்றால் கார்க் கண்ணாடியில் கறுப்புத் திரை. அந்தக் காரைப் பாதி தூரம் நான் ஓட்டுவேன், மீதி தூரம் ஊர் தள்ளும். ராணி என்றால் இவ்வளவுதான். ஆனாலும் ஒரு நாள்கூட முகம் வாடி நாங்கள் பார்த்ததில்லை. நாங்கள் சரியாகப் பார்த்தோமா என்பது வேறு கேள்வி.

எழுபதுகளின் தொடக்கத்தில் மழை வரிசையாக ஏமாற்றியது. கம்பும் பருத்தியும் கருகின. ஊரில் பெண்கள் எல்லாரும் குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகத் தொடங்கினார்கள். விடிவதற்கு முன்னால் ஆபீஸ் பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும், பொழுது சாயத் திரும்பும். கொஞ்சம் வளர்ந்த பெண் பிள்ளைகளும் பஸ்ஸில் போய்விடுவார்கள். நடக்கத் தெரியாததும் அப்போதுதான் நடக்கத் தெரிந்ததும் வீட்டில் கிடக்கும்.

ஒரு முகூர்த்த நாளில் கோவில்பட்டிக்குப் போகிற வழியில், கீழத்தெருவில் கார் வழக்கம்போல் கொதித்து நின்றது. தண்ணீர் ஊற்றி ஆறவைத்துக்கொண்டிருந்தேன். எதிர்க் குடிசையின் நிலைக்காலில் பழைய சேலைத் துணியால் ஒரு ஆண் பிள்ளையை இடுப்போடு கட்டிப்போட்டிருந்தார்கள். அதன் முன்னால் வட்டிலில் கூழ். ஆடு கூழைத் தின்றது, பிள்ளை ஆட்டின் காதைத் தின்றது. மதினியாரைச் சிரிக்கவைக்கிற உத்தியோகம் எனக்கு அல்லவா? திரைக்குள் தலையை நீட்டி, “பாருங்க மதினி, நம்ம வீட்டு வழக்கத்தை இவிய எப்பக் கத்துக்கிட்டாவ? வெளிய போகாம கட்டிப் போட்டிருக்காவளே” என்றேன்.

மதினியார் சிரிக்கவில்லை. என்னையே பார்த்தார். பிறகு, “கதவத் திறங்க” என்றார்.

“மதினி, தெருவுல இறங்குனீங்கன்னா அண்ணன் என்னைக் கொன்னுபோடுவாவ.”

“அப்ப நீங்க அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க. யாரும் கேட்டா பார்க்கலைன்னு சொல்லிரலாம்.”

நான் திரும்பி நின்றுகொண்டேன். எங்கள் வீட்டுப் பெண் ஒருவர் முதல் முதலாகத் தெருவில் கால் வைத்த காட்சியை, அதற்குப் பக்கத்தில் நின்றும் பார்க்காதவன் நான் ஒருவன்தான். திரும்பியபோது மதினியார் பட்டுச் சேலை மடியில் அந்தப் பிள்ளையோடு காருக்குள் இருந்தார். அன்று நாங்கள் கல்யாணத்துக்குப் போகவில்லை. பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு அரண்மனைக்குத் திரும்பினோம்.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கிய தாய், மூச்சிரைக்கப் பின்வாசலுக்கு ஓடிவந்தாள். அவள் பெயர் செல்லத்தாயி. பிள்ளையைக் கட்டிப்போட்டதற்கு அரண்மனையில் தண்டனை கொடுக்கப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டாள்.

“தப்புதான் ராணிம்மா. அவுத்துவிட்டா கெணத்துப் பக்கம் போயிருதான். வேற என்ன செய்யுதது, சொல்லுங்க?”

“நாளையில இருந்து இங்கன விட்டுட்டுப் போ” என்றார் மதினியார்.

“இங்கனயா? அரண்மனையிலயா?” அவள் என்னைப் பார்த்தாள். நான் மேலே வவ்வாலைப் பார்த்தேன்.

அண்ணனிடம் பேசியபோதும் நான் உடனிருந்தேன். அண்ணன் வெகுநேரம் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். ஜமீன் போன பிறகு அவரிடம் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். கடைசியில், “லாயம் சும்மாதான கிடக்கு. வச்சுக்கோ. ஆனா பின்வாசல் வழியாத்தான் வரணும் போகணும். நீ முன்னால வந்து நிக்கப்படாது. நம்ம வீட்டுப் பொம்பளை பேரு வெளிய அடிபடப்படாது” என்றார்.

“யாரு நடத்துதான்னு கேட்டா யாரு பேரச் சொல்ல?” என்று மதினியார் கேட்டார்.

அண்ணன் முற்றத்தைச் சுற்றிலும் பார்த்தார். ஆள் வேறு யாரும் இல்லை. நான் தூணில் சாய்ந்து கடம்பூர்ப் போளி தின்றுகொண்டிருந்தேன். “இவன் பேரு இருக்கட்டும். வேற எதுக்குத்தான் உபயோகம்?” என்றார் அண்ணன். சமூகத் தொண்டர் உருவான வரலாறு இதுதான்.

லாயத்தைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, குதிரைகள் நின்ற இடத்தில் தொட்டில்கள் கட்டினார்கள். மதினியார் பார்த்த முதல் தடை அண்ணன் அல்ல, அந்தப் பெண்களின் கால்கள். அவர் முன்னால் யாரும் உட்கார மாட்டார்கள். அவர் நாற்காலியை விட்டுத் தரையில் உட்கார்ந்தார். ராணியம்மா தரையில் இருக்கும்போது நாம் எப்படி அதே தரையில் இருப்பது என்று அவர்கள் படியிறங்கி முற்றத்துக்குப் போய்விட்டார்கள். அவர் முற்றத்துக்கு வந்து மண்ணில் உட்கார்ந்தார். அவர்கள் பின்வாசலுக்கு வெளியே போய் நின்றார்கள். “இன்னும் ரெண்டு எட்டு வச்சா நாகலாபுரம் வந்துரும் மதினி” என்றேன். அவர் உள்ளே போய், தொட்டிலில் அழுத ஒரு பிள்ளையைத் தூக்கி அதன் தாய் கையில் கொடுத்தார். நாள் முழுவதும் பால் கட்டியிருந்த தாய். நின்றுகொண்டு எப்படிக் கொடுப்பாள்? உட்கார்ந்தாள். அடுத்த பிள்ளை, அடுத்த தாய். எல்லாரும் உட்கார்ந்த பிறகு மதினியார் நடுவில் வந்து உட்கார்ந்தார். யாரும் எழுந்திருக்க முடியவில்லை, மடியில் பிள்ளை இருந்ததால்.

தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி அண்ணாச்சி ஒருவரை வரவழைத்துப் பேசியதும் நினைவுக்கு வருகிறது. மதினியார் திரைக்குப் பின்னால், அண்ணாச்சி முன்னால், நடுவில் நான். மதினியார் சொன்னதை நான் திரும்பச் சொல்ல வேண்டும், அதுதான் முறை.

“அண்ணாச்சி, மதினி என்ன சொல்லுதாங்கன்னா…”

“கேட்டுச்சு சின்னதுரை. எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு.”

மதினியார் கேட்டது, பிள்ளைகளை லாயத்தில் விட்டுவிட்டுத் தாய்மார் வரும்வரை பஸ் பின்வாசலில் நிற்க வேண்டும், ஐந்தாவது முடிக்காத பெண் பிள்ளைகளை ஏற்றக் கூடாது என்பது. அண்ணாச்சி நெளிந்தார். “பஸ்ஸ நிப்பாட்டுதேன் ராணிம்மா, அதுக்கென்ன. ஆனா சின்னப் பிள்ளையள நான் கூப்பிடலையே. அதுக தானா வந்து ஏறுதுக” என்றார்.

திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது: “பஸ்ஸும் தானாத்தான் வந்து நிக்குதோ?”

நான் அதைத் திரும்பச் சொல்ல வாயெடுத்தேன். “வேண்டாம் சின்னதுரை, கேட்டுருச்சு” என்றார் அண்ணாச்சி. பிள்ளைகள் எல்லாரையும் மதினியார் மீட்டுவிட்டார் என்று எழுத எனக்கு ஆசைதான். அப்படி நடக்கவில்லை. சில வீடுகளில் பசி ஜெயித்தது. ஜெயிக்காத வீடுகளின் பெண் பிள்ளைகள் இன்று டீச்சராகவும் நர்ஸாகவும் இந்தப் பந்தலில் உட்கார்ந்திருக்கிறார்கள். அண்ணாச்சியும் வந்திருக்கிறார். அவரை அந்தப் பிள்ளைகள் பக்கத்திலேயே உட்காரவைத்திருக்கிறேன்.

ஆபீசுக்கு விடுமுறை நாளில் தாய்மாருக்கு எழுத்து வகுப்பு நடக்கும். கைநாட்டு வைத்தவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். கையெழுத்துப் போட்டவர்கள் போஸ்டாபீசில் தங்கள் பெயரிலேயே கணக்குத் தொடங்கினார்கள். புருஷன்மார் நேரே என்னிடம் வந்தார்கள். “சின்னதுரை, எம் பொண்டாட்டிக்குக் கையெழுத்து சொல்லிக் குடுத்தது நீங்கதானாமே? நல்லா இருப்பீயளா?” என்று கேட்டார் ஒருவர். வகுப்பு நடக்கிற நேரத்தில் நான் தூங்கிக்கொண்டிருப்பேன் என்று அவரிடம் சொல்லவா முடியும்?

பிறகு திறப்பு விழா வந்தது. லாயம் ஜில்லா முழுக்கப் பேச்சாகிவிட்டதால் பெரிய அதிகாரி ஒருவர் வந்து அந்தக் கல்லைத் திறந்துவைத்தார். எனக்கு மாலை, சால்வை. ‘நான் பெண்குலத்தின் கண்ணீரைக் கண்டேன், துடித்தேன், துணிந்தேன்’ என்று ஒரு பேச்சுப் பேசினேன். கூட்டத்தில் பாதிப்பேர் அழுதார்கள். அன்று இன்னும் உட்காராத மாடியின் ஜன்னல் திரைக்குப் பின்னால் மதினியார் நின்றது எனக்குத் தெரியும். விழா முடிந்து உள்ளே போனேன். அவர் தண்ணீர்ச் செம்பைக் கொடுத்துக்கொண்டே, “நல்லாப் பேசினீங்க கொழுந்தனாரே. நானே நம்பிட்டேன்” என்றார்.

கேலிதான். குரலில் கோபம் துளிகூட இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன்.

அதன் பிறகு வந்த சால்வைகளை எல்லாம் நேரே அவரிடம் கொடுத்துவிடுவேன். அவர் தொட்டில் கட்டுவார். என் கௌரவம் முழுவதையும் இந்த ஊர்க் குழந்தைகள் நனைத்திருக்கிறார்கள். அது ஒன்றுதான் நியாயமாக நடந்தது.

இன்னொரு தண்டனையும் உண்டு. நன்றி மறவாத தாய்மார், கல்லில் இருந்த பெயரைப் பிறந்த ஆண் பிள்ளைகளுக்கு வைக்கத் தொடங்கினார்கள். இன்று தெருவுக்கு நாலு ரெங்கராசு இருக்கிறான். “ஏலே ரெங்கராசு, மூக்கத் தொடைலே!” “ரெங்கராசு மூதி, படிக்கச் சொன்னா ஓடுதான் பாரு!” என்று காதில் விழாமல் நான் டீக்கடைக்குப் போய்வர முடிவதில்லை. பெண் பிள்ளைகளுக்கெல்லாம் ராணி என்று வைத்தார்கள். எந்த ராணி என்று யாருக்கும் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மதினியாருக்கு நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சல் விடாமல் அடித்தது. கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கார்ப் பின்சீட்டில் செல்லத்தாயி மடியில் தலை வைத்துப் படுத்திருந்தார். திரையை அன்று யாரும் இழுத்துவிடவில்லை.

சேர்க்கிற இடத்தில் இருந்த எழுத்தர், “பேஷண்ட் பேரு?” என்றார்.

அண்ணன் சுவரில் இருந்த குடும்பக் கட்டுப்பாட்டு போர்டை வாசிக்கத் தொடங்கினார். கட்டின நாளாக மனைவி பெயரை வாயால் சொன்னவர் இல்லை. நான், “பெரிய அரண்மனை ராணியம்மான்னு போடுங்க” என்றேன்.

“அது பட்டம் சார். பேரச் சொல்லுங்க. ரத்தம் எடுக்கணும், மருந்து எழுதணும். சீக்கிரம்.”

ஊரையே சிரிக்கவைத்த வாய் எனக்கு. அந்த ஒரு வார்த்தை அதில் வரவில்லை. அப்போது பின்னாலிருந்து செல்லத்தாயி மதினியாரின் பெயரை முழுசாக, திருத்தமாக, அந்த வராந்தா முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். எழுத்தர் எழுதிக்கொண்டார். அண்ணன் போர்டை விட்டுத் திரும்பவில்லை.

வெளியே வந்து, “உனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டேன்.

“எங்க தெரியாம? எங்க பேரெல்லாம் எழுத வச்சாவல்லா? அன்னைக்கு நாங்க கேட்டோம், உங்க பேரு என்னம்மான்னு. சிலேட்டுல எழுதி, வாசிங்கட்டி பார்ப்போம்னாவ. நாங்க எழுத்துக்கூட்டி வாசிச்ச மொத வேத்தாள் பேரு அதுதான். பெறகு தட்டுலயும் இருக்கே.”

“எந்தத் தட்டுல?”

“லாயத்துத் தட்டுல. பாத்திரச் சீட்டுப் போட்டு நாங்க வாங்கினோம்லா, பிள்ளையளுக்கு? கடைக்காரரு பேரு வெட்டவான்னாரு. நீங்கதான் நடத்துதீங்கன்னு உங்க பேர வெட்டப் போனாரு. நாங்க ராணிம்மா பேரச் சொன்னோம். மேல வெட்டினா பெரிய துரை கண்ணுல படும். அடியில வெட்டச் சொல்லிட்டோம். அடியில இருந்தா கழுவுதவளுக்கு மட்டுந்தான் தெரியும்.”

எங்கள் வீட்டு ஆண்கள் எத்தனை விசேஷத்துக்கு லாயத்தில் அந்தத் தட்டுகளில் பொங்கலும் சுண்டலும் வாங்கித் தின்றிருப்போம்! ஒருவராவது தட்டைத் திருப்பிப் பார்த்ததில்லை. தின்ற இடத்தில் வைத்துவிட்டு எழுந்திருப்பது எங்கள் பரம்பரை வித்தை. கல்லில் இருந்த பொய்யை நாங்கள் எல்லாரும் வாசித்தோம். தட்டில் இருந்த உண்மையை, எங்கள் எச்சிலைக் கழுவினவர்கள் வாசித்தார்கள்.

அன்று ஊருக்குத் திரும்பியதும் நேரே லாயத்து அடுப்படிக்குப் போனேன். வாழ்க்கையில் முதல் முறை. தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்தில் ஒவ்வொரு தட்டின் மேலும் மதினியாரின் பெயர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அவர் கட்டில் பக்கத்தில் போய் உட்கார்ந்து, “மதினி, தட்டுல பேரு இருக்கது உங்களுக்குத் தெரியுமா?” என்றேன்.

கண்ணைத் திறந்து பார்த்தார். “தெரியும். உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது? நீங்க தட்டு கழுவினீங்களா?”

“இல்ல மதினி. செல்லத்தாயி சொன்னா.”

“அதான பார்த்தேன்” என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகி, நர்ஸ் வந்து என்னை வெளியே அனுப்பிவிட்டாள்.

அந்த முறை பிழைத்து வந்தார். லாயத்துக்குப் போகவரவும் செய்தார். ஆனால் சளி திரும்பத் திரும்பக் கட்டியது, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தோம். அந்த நாட்களில் லாயத்திலிருந்து சோறும் தட்டும் போகும், அண்ணன்தான் பக்கத்தில் இருந்தார். நான் போய் நாலு சிரிப்புக் கதை சொல்லிவிட்டு வருவேன். போன வருஷம் இதே நாளில், விடிந்து ஆபீஸ் பஸ் போன பிறகு, மதினியார் போய்விட்டார். பாதி வழியிலேயே செய்தி கேட்டு, அந்த பஸ் திரும்பி வந்தது.

பதினாறாம் நாள் முடிந்ததும் அண்ணனிடம் போய் நின்றேன். கல்லில் என் பெயரை எடுத்துவிட்டு மதினியார் பெயரைப் போட வேண்டும் என்றேன். “நம்ம வீட்டுல அந்தப் பழக்கம் கிடையாதுலே” என்றார். மகன் வடக்கேயிருந்து எழுதினார். தாய்மார் கூட்டமாக வந்து, முதல் முறையாக முன்வாசலில் நின்று கேட்டார்கள். முன்வாசலுக்கு வந்ததற்கு அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. பெயருக்கு மட்டும் தலையசைக்கவில்லை. மதினியார் உயிரோடு இருக்கும்போதே, கல்லை வெட்டுகிறவன் உளியைக் கையில் எடுத்த அன்றே, அவரே முன்னால் வந்து நிற்க முடியாதபோது, நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அப்போது எனக்கு மாலை வந்துகொண்டிருந்தது.

சரி, என் பெயராவது என் வசத்தில் இருக்கிறதே என்று கல்தச்சரை அழைத்து அதைச் செதுக்கி எடுத்துவிட்டேன். மதினியாரின் பெயர் அதில் வரவில்லை. இன்று போகிற வழியில் பார்த்தால் ‘சமூகத் தொண்டர்’ என்பதற்கும் ‘அவர்களின்’ என்பதற்கும் நடுவில் கல் மூளியாக இருக்கும். நான் கேட்டதில் பாதிதான் நடந்தது.

போன மாதம் இந்தத் திதிக்குச் சாப்பாட்டுப் பேச்சு வந்தது. எத்தனை கட்டு வாழையிலை சொல்ல வேண்டும் என்று அண்ணனிடம் கேட்டேன்.

“இலை வேண்டாம்” என்றார். “லாயத்துத் தட்டுல போடு.”

எனக்குப் புரியவில்லை. “அண்ணே, சொந்தக்காரங்க முகம் சுளிப்பாவ. திதிச் சாப்பாட்டைத் தட்டுல போடுததா? அதுவும் யார் யார் வீட்டுப் பிள்ளையோ தின்ன தட்டுல?”

“சுளிக்கவன் சுளிக்கட்டும். தட்டுலதான்.”

அவர் முகத்தைப் பார்த்தேன். “அண்ணே… உங்களுக்குத் தெரியுமா?”

மீசையைத் தடவவில்லை. கையைக் கீழே வைத்துக்கொண்டார். “ஆஸ்பத்திரியில அவளுக்கு நான் இட்லி பிசைஞ்சு ஊட்டின தட்ட யாருலே கழுவினா? நீயா?”

அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர்கள் இப்போது இரண்டு பேர். இரண்டு பேருக்கும் என் பதில் ஒன்றுதான்.

நன்றி சொல்ல வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன். இரவு பகல் பாராமல் பார்த்துக்கொண்ட டாக்டர், நர்ஸ்மார், கேட்டதும் ரத்தம் கொடுத்த கீழத்தெரு இளைஞர்கள், ஆபீசுக்கு லீவு விட்டுத் தாய்மாரை அனுப்பிய அண்ணாச்சி, லாயத்தை ஒரு நாளும் மூடாமல் நடத்திவருகிற செல்லத்தாயி, அவளுடைய தோழியர், நிலைக்காலில் கட்டிக்கிடந்து இன்று இந்தப் பந்தலைக் கட்டிக்கொடுத்திருக்கிற அவள் மகன், ஊரில் உள்ள அத்தனை ரெங்கராசுகள், அத்தனை ராணிகள், எல்லாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

மதினியாரின் பெயர் இந்த மலரில் இல்லை. தெரிந்துகொள்ள விரும்புகிற உறவினர்களுக்கு, குறிப்பாக ஆண்களுக்கு, ஒரு வேண்டுகோள். இன்று சாப்பாடு லாயத்துத் தட்டில். சாப்பிட்டு முடித்ததும் வைத்த இடத்தில் வைத்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். பின்முற்றத்தில் தண்ணீரும் சாம்பலும் தேங்காய் நாரும் வைத்திருக்கிறோம். முதல் ஆளாக அண்ணன் நிற்பார். இரண்டாவது ஆள் நான். எனக்குப் பழக்கமில்லாத வேலை, பக்கத்தில் நிற்பவர்கள் மேல் தண்ணீர் தெறித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கழுவிய தட்டைக் கவிழ்த்து வையுங்கள். அடுத்து வருகிறவரும் வாசிக்கட்டும்.